ஏடன் துறைமுகத்தில் அணைந்த திரி

திரி மறுபடியும் அணைந்துவிட்டது.

போன தை மாதம். கனடாவில், மில்லிக்கன் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல். வெளியே பனிக்காற்று. ஆலாத்தி என்று நாங்கள் சொல்லும் ஆரத்தித் தட்டத்தில் மூன்று வாழைப்பழத் துண்டுகள், அவற்றில் குத்திய நெய்த் திரிகள். தட்டத்தின் ஒரு பக்கத்தை என் மச்சாள் கமலம் பிடித்திருக்கிறார். அவர் என் கணவரின் தங்கை. மறுபக்கம் அவருடைய மூத்த மகள். எதிரே என் கடைசி மகள் வசந்தி, கல்யாணப் பெண், தமையனின் பெரிய கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். தலையில் வைத்த பூவில் பனித்தூள் விழுகிறது.

உள்ளே நெருப்புக் கொளுத்தினால் அலாரம் அடிக்கும் என்று மண்டபக்காரர் சொல்லிவிட்டார். ஐயருடைய ஓமத்துக்கு மட்டும்தான் அனுமதி. அதனால்தான் வாசலில்.

நான் எங்கே நின்றேன் என்று கேட்பீர்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. கோட்டுகள் தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில்.

மகளின் கல்யாணத்தில் தாய் ஏன் கோட்டுகளோடு நிற்க வேண்டும்? நான் வெள்ளைச் சேலை உடுத்தவள். என் கணவர் போய்ப் பல வருடமாகிறது. ஆலாத்தி எடுப்பவர்கள் புருஷனோடு வாழ்கிற இரண்டு பெண்கள். எங்கள் வழக்கம் அது.

மகள் கேட்டது

கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது வசந்தி என் பக்கத்தில் வந்து இருந்தாள். முப்பது வயது கடந்து, சண்டையும் அகதி வழக்கும் எல்லாம் முடிந்து, இப்போதுதான் அவளுக்கு ஒரு கல்யாணம் சரி வந்திருந்தது.

"அம்மா, வாசலிலை எனக்கு ஆலாத்தி நீங்கள்தான் எடுக்கவேணும்."

"விசர்க்கதை கதையாதை."

"என்ன விசர்? கொழும்பிலை லொட்ஜிலை என்னை ஒளிச்சு வைச்சிருந்தது ஆர்? நகையெல்லாம் வித்து என்னை முன்னுக்குப் பிளேனேத்தினது ஆர்? மாமியே?"

கமலம் மச்சாளும் அப்போது அங்கேதான் இருந்தார். பலகாரத்துக்கு மாவறுக்க உதவ வந்தவர். அகப்பையை வைத்துவிட்டு வந்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, எனக்கொண்டும் உதிலை ஆசையில்லை. ஆனா மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவினம்? நாளைக்கு உனக்கொரு தலையிடி வந்தாலும் கொம்மாவிலைதான் பழி போடுவினம்."

"அப்ப ஒருத்தரும் எடுக்கவேண்டாம். நான் நேரே உள்ளுக்குப் போறன்."

"போவாய், போவாய். செருப்போடை மணவறையிலையும் ஏறு."

நான்தான் முடித்து வைத்தேன். "கமலம் எடுக்கட்டும். என்னை ஒருத்தரும் கேக்கவும் வேண்டாம், மறிக்கவும் வேண்டாம். நான் உள்ளுக்கு நிக்கிறன்."

வசந்தி அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. என்னோடு வேறு எதையுமே அதிகம் பேசவில்லை. கல்யாணப் பெண் தாயோடு பேசாமல் திரிகிற வீடு எப்படி இருக்கும் என்று தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை.

என்னைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் செத்த பிறகு என்னை எந்த நல்ல காரியத்திலும் ஒருவரும் பின்னால் நிறுத்தியதில்லை. நிறுத்த நான் விட்டதில்லை. யாரும் வாய் திறக்க முதலே நானாகப் போய்ப் பின்னால் நின்றுவிடுவேன். அது என் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நின்றபோது எனக்கு ஏடன் நினைவுக்கு வந்தது. அங்கேயும் காற்று. அங்கேயும் அணைந்த திரி. அங்கே வந்தவர் ஒரு சக்கரவர்த்தி.

மாவிலைக்கு அலைந்தது

ஏடனைப்பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரபு நாட்டுக் கரையில் இருக்கும் துறைமுகம். அப்போது வெள்ளைக்காரனின் ஆட்சி. என் கணவர் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். யாழ்ப்பாணத்தார் இரண்டு மூன்று குடும்பம்தான். மலையெல்லாம் எரிந்த கறுப்பு. தண்ணீரை ஒட்டகவண்டியில் கொண்டுவருவார்கள். மீனையும் தபால்பெட்டியையும் தவிர அங்கே எனக்குப் பழக்கமானது ஒன்றும் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் அபிசீனியா. அந்த நாட்டுச் சக்கரவர்த்தி கப்பலில் வருகிறார், அரை நாள் தங்கிப் போவார் என்று கந்தோரில் சொன்னார்களாம். ஒவ்வொரு சாதிசனமும் தங்கள் தங்கள் முறைப்படி கரையில் நின்று வரவேற்க வேண்டும் என்று துரை கேட்டாராம். குஜராத்திகள் மாலையோடு, பார்சிகள் பன்னீரோடு. சிலோன்காரர் என்ன செய்யப் போகிறீர்கள்?

எங்களுக்குப் பெரியவர் கணக்கர் தம்பிப்பிள்ளை. அவர் சொன்னார்: "நிறைகுடம் வைப்பம். ஆலாத்தி எடுப்பம். ராசாவுக்கு அதுக்கு மேலை என்ன இருக்கு?"

சொல்வது எளிது. பச்சைப் புல் முளைக்காத ஊரில் மாவிலைக்கு எங்கே போவது? ஒரு குஜராத்தி முதலாளியின் வீட்டு முற்றத்தில் மாமரம் ஒன்று நின்றது. காய்த்ததே இல்லை. அதன் இலைகளைப் பிள்ளைகளைப்போல எண்ணி வைத்திருந்தார் மனுஷன். என் கணவர் இரண்டு தடவை போய் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மூன்றாம் தடவைதான் இலை கிடைத்தது. வாழைப்பழம் சோமாலிக் கரையிலிருந்து பாய்க்கப்பலில் வந்தது.

திரி திரித்தது செல்லம்மா அக்கா. அவருடைய கணவர் துறைமுகச் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். காய்ச்சலில் போய்விட்டார், அந்த ஊரிலேயே எரித்தோம். ஊருக்குப் போகக் கப்பலில் இடம் கிடைக்கும்வரை அக்கா எங்களோடு இருந்தார். வெள்ளைப் பருத்திச் சேலை, தலையில் முக்காடு.

தட்டத்தைப் புளி போட்டு மினுக்கினதும் அவர்தான். பழத்தைச் சரிந்து விழாமல் வெட்டி வைத்ததும் அவர்தான். கரைக்குப் போனதும் தட்டத்தை என் கையில் தந்துவிட்டு, எங்களுக்குப் பின்னால், இரும்புத் தூண் ஒன்றின் நிழலில் போய் நின்றுகொண்டார். ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

இறகு வைத்த தொப்பி

தட்டத்தின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் தம்பிப்பிள்ளையரின் மனைவி. நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எதிர்ப்பக்கம் தூரத்தில் கயிறு கட்டி, கயிற்றுக்கு அப்பால் ஊர் அரபுச் சனம். கூலிக்காரர், மீன்பிடிகாரர், குழந்தைகளைத் தோளில் வைத்த தகப்பன்மார்.

என் கணவர் காதுக்குள் சொன்னார்: "பார், ஊருக்குச் சொந்தக்காரன் கயித்துக்கு அங்காலை நிக்கிறான்."

"சும்மா இருங்கோ, துரை பாக்கிறார்."

கப்பல் சங்கு ஊதியது. பாண்ட் வாத்தியம் தொடங்கியது. படகிலிருந்து முதலில் ஒருவர் இறங்கினார். அம்மாடி, அந்தத் தொப்பியைப் பார்க்க வேண்டும்! வெள்ளை இறகு காற்றில் துள்ளுகிறது. நெஞ்சு முழுக்கப் பதக்கம். இடுப்பில் வாள்.

"வாறார், வாறார், கொளுத்துங்கோ!" என்றார் தம்பிப்பிள்ளையர்.

கொளுத்தினோம். சுற்றினோம். இறகுத் தொப்பிக்காரர் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்து, விரலைத் தொப்பியில் வைத்துவிட்டுப் போனார். நான் பூரித்துப் போனேன். ராசாவுக்கு ஆலாத்தி எடுத்தவள் நான் என்று ஊருக்கு எழுத வேண்டும் என்று அந்த இடத்திலேயே யோசித்துவிட்டேன்.

என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அவர் எங்கடை கவர்னரடி. ராசா பின்னாலை வாறார்."

பின்னால் வந்தவர் மெல்லிய, உயரம் குறைந்த மனிதர். சாதாரணமான நிறத்தில் ஒரு கோட்டு. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். அவருக்கு ஆலாத்தி எடுக்கலாம் என்று பார்த்தால் திரி மூன்றும் அணைந்து கிடக்கிறது. நெருப்புப்பெட்டியை எடுத்து உரசினேன், காற்று ஊதியது. மறுபடி உரசினேன். தம்பிப்பிள்ளையரின் மனைவி தட்டத்துக்கு மேல் குனிந்தார், நானும் குனிந்தேன், இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

நாங்கள் நிமிர்ந்தபோது சக்கரவர்த்தி எங்களைத் தாண்டிவிட்டார். ஆனால் நடந்து போய்விடவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, தூணின் நிழலுக்குப் போய், செல்லம்மா அக்காவுக்கு முன்னால் நிற்கிறார்.

தலையைக் குனிந்து வணங்கினார். தன் பாஷையில் ஏதோ கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும் என்று காத்திருந்தார்.

பாண்ட் வாத்தியம் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அவரை நேரே பார்த்தார். கை இரண்டையும் கூப்பினார். அவர் இன்னொரு தடவை தலை குனிந்துவிட்டுத் தன் கூட்டத்தோடு போனார்.

ஏன் நின்றார், என்ன கேட்டார் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

கப்பல் போய்ச் சேர்ந்தது

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம். தம்பிப்பிள்ளையருக்கு ஆறவில்லை. ஆலாத்தி ஆள் மாறிப் போனது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

"எத்தினை சுமங்கலியள் நிக்க, அந்தாள் போய் நிண்ட இடத்தைப் பாத்தியளே! இனிக் கப்பல் கரை சேருமோ தெரியாது."

சமையலறையில் செல்லம்மா அக்கா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தட்டில் கோப்பைகளை வைத்துக்கொண்டு வந்து, முதல் கோப்பையைத் தம்பிப்பிள்ளையருக்கு நீட்டினார்.

"அந்தப் பெரியவர் என்னை ஆரெண்டு நினைச்சாரோ தெரியாது, அண்ணை. தெரியாமல் முன்னுக்கு வந்து நிண்டிட்டார். தெரிஞ்ச நீங்களும் ஒருக்கா நிண்டு பாருங்கோவன்."

தம்பிப்பிள்ளையர் கோப்பையை வாங்கினார். குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து என் கணவர் கந்தோரிலிருந்து வந்தவர், சைக்கிளைவிட்டு இறங்காமலே தம்பிப்பிள்ளையரின் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார்: "கணக்கர் அண்ணை! கப்பல் சுகமாய்ப் போய்ச் சேந்திட்டுதாம், தந்தி வந்திருக்கு!" தெரு முழுக்கக் கேட்டது. அவருக்கு அப்படி ஒரு குணம் இருந்தது.

அக்காவுக்கு அடுத்த மாதம் கப்பலில் இடம் கிடைத்தது. அதன்பிறகு நான் அவரைக் காணவில்லை.

பார்க்டேலில் ஒரு வெள்ளைச் சேலை

சக்கரவர்த்தி ஏன் நின்றார்? அதற்கு விடை கிடைக்க நான் கனடாவுக்கு வர வேண்டியிருந்தது.

நாங்கள் முதலில் பார்க்டேலில் ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தோம். எங்களுக்கு மேல் மாடியில் ஒரு பெண், பெயர் அல்மாஸ். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், கறுத்த, நெடிய முகம். லோண்ட்ரியில் சந்திப்போம். அவருடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒரே வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவை. "குட்?" "குட்." "கோல்ட்?" "வெரி கோல்ட்." அதற்கே சிரித்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை லிஃப்டில் காண்பேன். கோட்டுக்குக் கீழே வெள்ளைப் பருத்தி உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி முக்காடு. பாவம், இவரும் என்னைப்போல என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று ஆறுதலாகவும் இருந்தது. வீட்டில் நல்ல காரியங்கள் நடந்தால் அவரைக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பலகாரத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஒரு நாள் லிஃப்டில் கோதுமை மா மூட்டை ஒன்றைத் தோளில் வைத்தபடி ஒரு மனிதர் ஏறினார். அல்மாஸ் அவருடைய கொலரைச் சரிசெய்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மை ஹஸ்பண்ட்."

அன்றும் அவர் உடுத்திருந்தது வெள்ளை.

வீட்டுக்கு வந்து வசந்தியைப் பிடித்தேன். "புருசன் உயிரோடை இருக்கேக்கை ஏன் வெள்ளை உடுக்கிறா? கேட்டுச் சொல்லு."

வசந்தி கேட்டு வந்தாள். "அம்மா, அவையின்ரை நாட்டிலை நல்ல நாளுக்கு வெள்ளைதானாம். கோயிலுக்கு வெள்ளை, கல்யாணத்துக்கு வெள்ளை. தலையிலை போடுறது மரியாதைக்காம்."

"எந்த நாடு?"

"எத்தியோப்பியா."

"அது எங்கை கிடக்கு?"

"உங்கடை ஏடனுக்கு எதிர்ப்பக்கம். அப்பா அபிசீனியா எண்டு சொல்லுவாரே, அதுதான் உது."

எனக்கு அந்தத் துறைமுகக் கரை கண்ணில் வந்து நின்றது.

துறைமுகம் முழுக்க வேற்று ஆட்கள். இறகும் வாளும் பாண்ட் வாத்தியமும். வெள்ளைக்காரன் வீட்டு விருந்தாளியாக அரபுக்காரனின் ஊரில் இறங்கிய ஒரு மனிதர், தூண் நிழலில் வெள்ளைப் பருத்தி உடுத்து, முக்காடு போட்டு மரியாதையாக நிற்கும் ஒரு பெண்ணைக் கண்டிருக்கிறார். தன் ஊர்க்காரி என்று நினைத்திருப்பார். எந்த ஊர் பிள்ளை நீ என்றுதான் கேட்டிருப்பார். நான் வேறு எதைக் கேட்கிறேன்? பஸ்ஸில் ஏறினால் நானும்தான் பார்க்கிறேன், எந்தக் கோட்டுக்குக் கீழே சேலைக் கரை தெரிகிறது என்று.

அது விளங்கிய பிறகு எனக்கு ஒரு கவலை. செல்லம்மா அக்காவுக்கு இதைச் சொல்ல முடியாதே.

கண்ணாடிக் கதவு

மண்டபத்து வாசலுக்குத் திரும்பி வருகிறேன்.

வசந்தி அல்மாசையும் அழைத்திருந்தாள். அவர் வந்தார், தலையிலிருந்து கால்வரை வெள்ளை, ஓரத்தில் பச்சையும் பொன்னுமாக ஒரு கரை. கோட்டைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் நின்றார். எங்கள் சனம் சிலர் அவரையும் என்னையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் நினைத்ததுதானே.

வெளியே கமலம் மச்சாளின் மகள் லைட்டரை அழுத்துகிறாள். பற்றுகிறது, அணைகிறது. யாரோ ஒரு கிழவி "என்ன இது, திரி நிக்குதில்லை" என்று உரக்கச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வசந்தி தட்டத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தபடி நின்றாள்.

அல்மாஸ் என் முழங்கையைத் தொட்டார். "யுவர் டோட்டர்," என்றார். வெளியே கையைக் காட்டினார். "வை யூ ஹியர்?"

அதற்கு எனக்கு இங்கிலீசில் பதில் தெரியாது. தமிழில் இருந்த பதிலையும் அப்போது சொல்ல விருப்பம் வரவில்லை.

அவர் என்னை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். நேரே கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய், தன் தலைத் துணியை எடுத்து, இரண்டு கையாலும் அகல விரித்துக் காற்றுக்குக் குறுக்கே பிடித்தார். வெள்ளைத் துணி பாய் மாதிரிப் புடைத்து நின்றது. அதற்கு இந்தப் பக்கம் காற்று இல்லை.

சனம் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டது. வெள்ளையோடு ஒருத்தி கல்யாணப் பெண்ணுக்கு முன்னால்! அவர் தெரியாமல் செய்தார். அவருக்கு அதில் ஒன்றும் இல்லை, நெருப்பு அணைகிறது, மறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கதவைத் தள்ளினேன்.

குளிர் முகத்தில் அறைந்தது. ஒருவரும் வழி விடவில்லை, ஒருவரும் மறிக்கவும் இல்லை. தட்டத்துக்குக் கிட்டப் போய், லைட்டரை வாங்கி, கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு மூன்று திரியையும் கொளுத்தினேன். மூன்றும் நின்று எரிந்தன. பிறகு நிமிர்ந்து கமலம் மச்சாளைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"பிடியுங்கோ மச்சாள்," என்றார். "எனக்குக் கை விறைச்சுப் போச்சு."

அவருடைய கை நன்றாகத்தான் இருந்தது. தோல் கையுறை போட்டிருந்தார்.

நான் தட்டத்தைப் பிடித்தேன். மூன்று தடவை சுற்றினோம், மச்சாளின் மகளும் நானும். சுடர் வசந்தியின் கன்னத்தில் ஏறி இறங்கியது. மாப்பிள்ளையின் தாய் என்ன நினைத்தாரோ, நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பல நாளாக என்னோடு சரியாகப் பேசாதிருந்த பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அம்மா, கோட் போடாமல் வந்திட்டியள்."

"ஓம்," என்றேன். "கோட் உள்ளுக்குக் கிடக்கட்டும்."